கோவளத்தில் ஒரு வெட்சூட்

சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரையில் விடியற்காலையில் அலைச்சறுக்குப் பலகையோடு இறங்குகிற கூட்டத்தில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அரைக்கால் ட்ரவுசரில் நிற்பார்கள். அவர் மட்டும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு ரப்பர் வெட்சூட்டில் நிற்பார். நாலைந்து வருஷம் கலிபோர்னியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். உடை மாட்டுவதே ஒரு சடங்கு. காலில் பாலித்தீன் கவரைச் சுற்றிக்கொண்டால்தான் பாதம் ரப்பருக்குள் வழுக்கிக்கொண்டு போகும். முதுகு ஜிப்பை இழுக்கத்தான் அத்தனை நீளக் கயிறு வைத்திருக்கிறார்கள். ஆனாலும், "தம்பி, இதைக் கொஞ்சம் மேலே இழுத்து விடுப்பா" என்று மீனவர் வீட்டுப் பையன் ஒருவனைக் கூப்பிடுவார். "என்னண்ணே, குளிருதா?" என்பான் அவன். "இது ஃபோர் த்ரீப்பா" என்பார். உடம்புப் பகுதியில் 4 மில்லிமீட்டர், கைகால்களில் 3 என்று பொருள். பையன் கேட்டது அதுவல்ல.

உடையின்மேல் குற்றமில்லை. வடக்குக் கலிபோர்னியாவில் வசந்த காலக் காற்று மேல்நீரைக் கரையை விட்டுத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலேறி வரும். மே மாதத்திலும் சான் பிரான்சிஸ்கோ கடல் 11, 12 டிகிரியில்தான் கிடக்கும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வெறும் உடம்போடு இறங்கினால் சீக்கிரமே விரல்கள் மரத்துவிடும். பெர்க்லி இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் நியோப்ரீன் ரப்பர் உடையை யோசித்ததும், ஜாக் ஓ'நீல் 1952-இல் சான் பிரான்சிஸ்கோவில் அலைச்சறுக்குக் கடை திறந்து இந்த உடையைப் பரப்பியதும் குளிர்நீரால்தான். நியோப்ரீனுக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகள் உடம்புச் சூட்டை வெளியேற விடுவதில்லை. இங்கேதான் சிக்கல். சென்னைக் கடல் ஜனவரியிலேயே 26, 27 டிகிரி. மே மாதம் 30ஐத் தொட்டுவிடும். 24ஐத் தாண்டிவிட்டால் வெட்சூட் வேண்டாம் என்பது இந்த விளையாட்டில் பொதுக் கணக்கு. நம்மவர் தன் சூட்டிலேயே தான் வேகிறார். ஆகவே அவர் உடுத்துவது கரையில் இருப்பவர்களுக்காகத்தான் என்பது என் முடிவு. கடலுக்காக என்றால், வெளியே வந்ததும் கழற்றியிருப்பாரே? டீக்கடை பெஞ்சு வரைக்கும் அது உடம்பில் இருக்கிறது.

அவர் தரப்பிலும் வாதங்கள் உண்டு. "மார்கழிக் காற்றில் நனைந்த உடம்பு நடுங்காதா?" என்பார். நடுங்கும்; ஆனால் நடுக்குவது காற்று, அதற்கு 1 மில்லிமீட்டர் மேல்சட்டை போதும். வெயில், சொறி மீன், பலகையின் உரசல் என்று அடுக்குவார். மூன்றுக்கும் லைக்ரா துணியில் தைத்த முழுக்கை ராஷ் கார்ட் இருக்கிறது. விலையும் குறைவு, காயவும் நேரமாகாது. ஒரு வாதம் மட்டும் வலுவானது: நியோப்ரீன் மிதக்கும், புதிதாகக் கற்பவருக்கு அது தெம்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலில் கட்டிய பலகையும் மிதக்கத்தான் செய்கிறது. தவிர, தன்னைப் புதியவர் என்று சொன்னால் அவர் விடுவாரா?

டிகிரி கணக்கு தெரியாத ஆளும் இல்லை அவர். ஐதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் வெளியிடும் கடல் வெப்பநிலையைத் தினமும் போனில் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். மீனவர்கள் அந்த மையத்தின் தகவலை வைத்து மீன் எங்கே கிடைக்கும் என்று பார்க்கிறார்கள். இவர் 29 என்று வாசித்துவிட்டு ஜிப்பை இழுக்கச் சொல்கிறார். கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகிலும் குளிர்கடலுக்கு ஒன்று, வெப்பக்கடலுக்கு ஒன்று என வகை உண்டு. அவர் கலிபோர்னியாவிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தது குளிர்கடல் மெழுகு. கோவளத்து வெயிலில் அது நெய்யாக உருகி ஓடுகிறது.

நீங்கள் கோவளத்துக்கோ, இலங்கையின் அறுகம் குடாவுக்கோ போவதாக இருந்தால் ராஷ் கார்ட்டும் அரைக்கால் ட்ரவுசரும் முகத்துக்குக் கொஞ்சம் துத்தநாகப் பூச்சும் போதும். மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பயணம் என்றால் மட்டும் அவரிடம் அந்த 4/3ஐ இரவல் கேளுங்கள்.