மலை தெரிகிறது, பட்டா எங்கே?

கேள்வி: திருவண்ணாமலையில் மறுபடியும் வீடு கேட்டு வருகிறார்களாம். நல்ல விலைக்கு விற்க என்ன வழி?

பதில்: மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டினால் பாதி வியாபாரம் முடிந்தது என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய வீடென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையைப் பார்க்கிறவர் சரிவையும் பார்க்கிறார். பார்க்கத்தான் வேண்டும். அடிவாரத்து வீட்டை விற்பவர், மழைத் தண்ணீர் இறங்கும் வழியைத் தானே முன்வந்து காட்டுவதுதான் நியாயம்.

அடுத்தது காகிதம். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் சர்வே எண் ஒத்துப்போக வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே தூங்கினால், பேசி முடித்த வியாபாரம் அட்வான்ஸோடு நிற்கும்.

வாங்குகிறவருக்கும் கையைக் கடிக்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் இன்னும் 1 சதவீதம் குறையும். கணவனும் மனைவியுமாக வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பேரம் சுமுகமாக நடக்கும்.