நான்கு முறை ஒழிந்த பிரம்பு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிரம்பு ஒழிக்கப்படுவது அபூர்வ நிகழ்ச்சியன்று. 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி அரசு அதை ஒழித்தது; உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கும் 17ஆம் பிரிவைக் கொண்டு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மறுபடி ஒழித்தது; தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் மூன்றாம் முறை ஒழிக்க, அவற்றை நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் பணித்ததால், ஏற்கெனவே இல்லாத பிரம்பு நான்காம் முறையும் இல்லாமற்போனது. அந்நெறிகளின்படி பள்ளிதோறும் ஒரு கண்காணிப்புக் குழு, அதாவது அடிபட்டவர் முறையிடுவதற்கான அவை, அமைய வேண்டும். அதில் இரண்டு பெற்றோரோடு மருத்துவரும் வழக்கறிஞரும் அமர வேண்டும்; ஆனால் புறநகர் ரயிலுக்கும் ஷிப்டுக்கும் இடையே ஓடும் செவ்வாப்பேட்டை போன்ற ஊரில் அந்தப் பெற்றோரைப் பிடிப்பதே பெரும்பாடு. பிடிபட்டவரும், பிள்ளையைச் சேர்த்த நாளன்றே “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் சார்” என்று, சட்டத்தில் இடமே இல்லாத விதிவிலக்கொன்றை வாய்மொழியாக வழங்கிவிட்டவராகவே இருப்பார். குழுவில் மூத்த மாணவருக்கும் இடமுண்டு. அவர் அச்சமின்றிப் பேசலாம், அவருடைய செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை இடப்போகும் ஆசிரியர் பக்கத்து நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறார்.