பதுவைக்குப் போற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, பெட்டியை அப்புறம் கட்டலாம், இப்படித் திண்ணையில வந்து உக்காரு. உங்கப்பன் ரெண்டு நாளா கம்பளி, பாஸ்போர்ட்டு, ஜுர மாத்திரைன்னு ஓயாம பேசிக்கிட்டிருக்கான். அவன் நீ போற இத்தாலியை சினிமாவுல பாத்தவன். உங்கக்கா அங்க படிச்சப்போ விசா விட்ட வரைக்கும் கூடவே இருந்து பாத்தவன் நானு.

நேத்து மதகடியில கூட்டாளிங்ககிட்ட, “இனிமே ஒரு கட்டுப்பாடும் கிடையாதுடா”ன்னு பீத்திக்கிட்டிருந்தியே, காதுல விழுந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். எச்சில், தீட்டு, செருப்போட அடுக்களைக்குள்ள வராதேன்னு உங்க அப்பாயி போடற சட்டத்துக்குப் பயந்து ஓடறவன் நீ. போற ஊருல காபிக்கே சட்டம் இருக்குடா.

காலையில பால் நுரையோட கப்புச்சினோ குடிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல கேட்டுப் பாரு. தின்ன சோறு மேல பால் ஊத்தினா செரிக்காதுங்கிறது அவங்க கட்சி. இல்லைன்னு சொல்லமாட்டாங்க, குடுப்பாங்க. குடுத்துட்டு ஒரு பார்வை பாப்பாங்க பாரு, பந்தியில பாயசம் ஆனப்புறம் சாம்பார் கேட்டவனைப் பாக்கற பார்வை. சாப்பாட்டுக்கு மேல கறுப்புக் காபிதான், அதுவும் கடைப் பலகை ஓரமா நின்னுக்கிட்டு ரெண்டே மடக்கு. உக்காந்து குடிச்சா பல கடையில விலை ஏறும். நம்ம டீக்கடை பெஞ்சுல ஒரு டீக்கு ஒரு பேப்பரையே படிச்சு முடிக்கிறவன் நீ, ஜாக்கிரதை.

சாப்பாடு இன்னும் மோசம். ஸ்பகெட்டியைக் கத்தியால வெட்டப்படாது. மீன் போட்ட பாஸ்தாவுக்குச் சீஸ் தூவப்படாது. பாஸ்தா தனியா மொதல்ல வரும், கறி அப்புறமா வரும். ரெண்டையும் ஒரே தட்டுல கொட்டிப் பிசையலாம்னு கையைக் கொண்டுபோவாத. பொழுது போகாத ஒரு ஞாயித்துக்கிழமை, கூடத் தங்கியிருக்கிற பசங்க முன்னாடி கெட்ச்சப் பாட்டிலை எடுத்துப் பாஸ்தா மேல கவுத்திப் பாரு. செலவில்லாத கூத்து.

நான் மிகைப்படுத்தறேன்னு நினைக்காத. ரயில் ஏறினா எட்டிப் போற தூரத்துல பொலோஞான்னு ஊரு. டாலியதெல்லேன்னு ஒரு பட்டை பாஸ்தா, அதோட அகலம் எவ்வளவு இருக்கணும்னு 1972ல அந்த ஊரு வணிகச் சபையில பதிவே பண்ணி வச்சிருக்காங்க. வெந்தப்புறம் 8 மில்லிமீட்டர். அது அந்த ஊரு அசினெல்லி கோபுரத்து உசரத்துல 12,270ல ஒரு பங்காம். அளவுக்குத் தங்கத்துலயே ஒரு பட்டை செஞ்சு வச்சிருக்காங்க. நம்ம கொல்லை வரப்பை அளக்க சர்வேயர் இன்னும் வந்தபாடில்லை, அங்க பாஸ்தாவுக்கு எல்லைக்கல் நட்டாச்சு. அந்தக் கோபுரத்துமேல மட்டும் படிப்பு முடியறதுக்குள்ள ஏறிடாத. ஏறினவனுக்குப் பட்டம் கிடைக்காதுன்னு அங்க படிக்கிற பசங்களே நம்பறாங்க. பேய்க்குப் பயப்படாத சயன்ஸ் பசங்ககூட சுத்திக்கிட்டுப் போறதைப் பாத்தேன்.

இதெல்லாம் கேட்டுட்டு, போய் இறங்கின வாரமே சிரிக்கலாம்னு கிளம்பிடாத. சிரிக்கறதுக்கு ஒரு வரிசை இருக்கு. நம்ம ஏலாக்குறிச்சிக் கோயில் கட்டின வீரமாமுனிவரு அந்த நாட்டு ஆளுதான். 1680ல காஸ்திலியோனேங்கிற ஊருல பொறந்தவரு. இங்க வந்து கறி மீனை விட்டாரு, காவி கட்டினாரு, தமிழைக் கரைச்சுக் குடிச்சு 1732ல சதுரகராதி போட்டாரு. நம்மூரு மடக் குருவையும் சீடனையும் வச்சு பரமார்த்த குரு கதை எழுதிச் சிரிக்க வச்சவரும் அவருதான். நம்ம சோத்தைத் தின்னு பழகினவரு நம்மளைக் கிண்டல் பண்ணினாரு, யாருக்கும் கோவம் வரலை. நீ மொதல்ல தின்னு.

பூ விஷயத்துல கவனம். வீட்டுக்காரம்மா சாப்பிடக் கூப்பிட்டுச்சுன்னா, உங்கம்மா வளத்த வளப்புக்கு வெறுங்கையோட போகமாட்டே. கடையில சாமந்தி கண்ணுல படும், மங்களமா இருக்கேன்னு வாங்கிடுவே. அங்க சாமந்தி கல்லறைக்குப் போற பூ. நவம்பர் 2ந் தேதி ஆத்துமா திருநாளைக்குச் செத்தவங்களுக்கு வைக்கிறது. அந்தம்மா உயிரோட கதவைத் திறக்கும், நீ சாமந்தியை நீட்டுவே.

மத்தபடி நீ அசலூருக்குப் போறதாவே தோணாது. தலையில ஈரத்தோட காத்துல நிக்காதேன்னு திட்டறதுக்கு வீட்டுக்கு ஒரு கிழவி இருப்பா. கண்ணேறு உண்டு, அதுக்கு தண்ணியில எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பாக்கறதும் உண்டு. 13 ஆகாதுன்னு இங்கிலீஷ்காரன் பயப்படுவான்; இவங்களுக்கு 17 ஆகாது. முப்பது வயசு ஆம்பளை அம்மா கையால சாப்பிட்டுட்டு, அம்மா தேய்ச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவான். அவனைக் கிண்டல் பண்ணாத, உன் சட்டையை யாரு தேய்க்கறாங்கன்னு எனக்குத் தெரியும். அப்புறம் கேக்க வெக்கப்படுவியே, அதையும் சொல்லிடறேன்: காகிதத்தோட அல்லாடணுமேங்கிற கவலை வேண்டாம். வீட்டுக்கு வீடு கழுவறதுக்குன்னே தனித் தொட்டி இருக்கணும்னு 1975லயே உத்தரவு போட்டுட்டாங்க. அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அந்த நாட்டு மேல மரியாதை.

போய் இறங்கினதும் எட்டு வேலை நாளுக்குள்ள தங்கற அனுமதிக்கு மனு போடணும். தபாலாபீசுல ஒரு கட்டுக் காகிதம் குடுப்பாங்க, 16 யூரோவுக்கு ஸ்டாம்பு ஒட்டணும், அப்புறம் போலீசு ஆபீசுல கைரேகை. பட்டா மாத்த என்கூட தாலுகா ஆபீசுக்கு அலைஞ்சியே, அந்தப் படிப்பு அங்க உதவும். ஆகஸ்டு 15ந் தேதியை ஒட்டி மட்டும் எந்த வேலையும் வச்சுக்காத. நமக்கு அன்னிக்குக் கொடியேத்தம், அவங்களுக்கு மாதா திருநாள். ஊரே கடக்கரையில கிடக்கும்.

இப்ப படிப்பு. நீ சேரப்போற பல்கலைக்கழகம் 1222லேர்ந்து நடக்கிற பள்ளிக்கூடம். கலிலியோ 1592லேர்ந்து 18 வருஷம் கணக்கு சொல்லிக்குடுத்த இடம். 1678லயே ஒரு பொம்பளைக்கு டாக்டர் பட்டம் குடுத்த இடம்னு உங்கக்கா தினம் ஒரு தடவை சொல்லுவா. பாடம் குறிச்ச நேரத்துக்குக் கால்மணி நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும், அது அவங்க சம்பிரதாயம். உனக்குன்னே பண்ணின ஏற்பாடு. ஆனா பல பரீட்சை வாயாலதான். வாத்தியார் எதிர்ல உக்காந்து பதில் சொல்லணும், பின்னால மத்த பசங்க வேடிக்கை பாத்துக்கிட்டு இருப்பாங்க. அடிஷனல் ஷீட் வாங்கிப் பக்கத்தை நிரப்பறதெல்லாம் நடக்காது. 30க்கு மார்க்கு, 18 வந்தா பாசு. இதுல அதிசயம் என்னன்னா, குடுத்த மார்க்கு பிடிக்கலைன்னா “வேண்டாங்கய்யா, அடுத்த தடவை வரேன்”னு திருப்பிக் குடுத்துடலாம். 35க்கு மாவிளக்கு போட்ட குடும்பம்டா நம்முது. 18ஐ வேண்டாம்னு சொல்ல உனக்கு நாக்கு வருமா?

நாக்குன்னதும் ஞாபகம் வருது. நம்ம மாதா கோயில்ல பதுவை அந்தோணியார்னு கும்பிடறாங்களே, அந்தப் பதுவைதான் நீ போற பதோவா. அவரும் அந்த ஊருக்காரர் இல்லை, லிஸ்பன்லேர்ந்து வந்தவரு. பிரசங்கத்துல கெட்டிக்காரரு, அவரு நாக்கை இன்னிக்கும் கோயில்ல பேழைக்குள்ள வச்சிருக்காங்க. வாய்ப் பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு மெழுகுவத்தி ஏத்து. வாத்தியார் “புரியுதா?”ன்னு கேட்டா, நம்ம வழக்கப்படி தலையைப் பக்கவாட்டுல ஆட்டிவை. இல்லைன்னு நினைச்சு அவரே இன்னொரு தடவை விளக்குவாரு; உனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

எப்படியோ பாசாயிடுவே. அன்னிக்குத்தான் இருக்கு உனக்குக் கச்சேரி. தலையில புன்னை இலை மாதிரி பச்சையா ஒரு இலை மாலை வப்பாங்க, நானும் பெருமையாத்தான் பாத்தேன். அப்புறம் பசங்க கோமாளி வேஷம் கட்டி நடுத்தெருவுல நிறுத்திடுவாங்க. ஆள் உசரக் காகிதத்துல உன்னை அசிங்கமா வரைஞ்சு, நீ பொறந்ததுலேர்ந்து செஞ்ச திருட்டுத்தனத்தையெல்லாம் பாட்டாக் கட்டி ஒட்டியிருப்பாங்க. நீயே அதைச் சத்தமா வாசிக்கணும், தடுமாறினா ஒரு மடக்கு ஊத்துவாங்க. மாவும் முட்டையும் தலையில விழும். பெத்தவங்க பக்கத்துல நின்னு கைதட்டுவாங்க. உங்கக்காவுக்கு நடந்தப்போ நானும் தட்டினேன்.

அந்தப் பாட்டுக்குச் சமாச்சாரம் கேட்டு அங்க உன் கூட்டாளிங்க நம்ம வீட்டுக்குத்தான் ஆள் விடுவாங்களாம். காது குத்தறப்போ மாமன் மடியிலேர்ந்து எகிறிக் குதிச்சு கோழிக் கூடைக்குள்ள ஒளிஞ்சியே, அதை உங்கக்காகிட்ட சொல்லி இத்தாலியன்ல எழுதி வாங்கியாச்சு. படமும் இருக்கு.