காலாண்டுக்காரர்

அவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் உடம்பைப் பற்றிச் சொல்லமாட்டார். "டூலிங் முடிஞ்சுடுச்சு. இப்ப பெயின்ட் சாம்பிள் போயிட்டிருக்கு" என்பார். புதிதாகக் கேட்பவர்கள், மாடி எடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சிமென்ட் விலை பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். பழகியவர்கள் கேட்பதே இல்லை.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துத் தெரு. வயது அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருடம் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் டாக் கிளார்க். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் துறைமுகத்துக்கும் முதலில் சைக்கிளில், பிறகு மொபெட்டில் அலைந்தவர். வேலை என்னவென்றால், சரக்கு வரவில்லை என்பதைச் சரக்குக்காரரிடம் பக்குவமாகச் சொல்வது. வந்த சரக்குக்கு ஆள் தேவையில்லை, அது தானாக லாரியில் ஏறிக்கொள்ளும். வராத சரக்குக்குத்தான் ஆள் வேண்டும். அதற்கென்று அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது: "பெர்த் கிடைக்கல சார், கப்பல் வெளிய நிக்குது, நாளைக்கு வந்துடும்." இதை ஒரு மனிதன் முப்பத்தைந்து வருடம் முகம் மாறாமல் சொன்னதற்கே கிராஜுவிட்டி கொடுக்கலாம்.

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் கோயிலுக்குப் போனார்கள். வடிவுடையம்மன் கோயில் நடந்துபோகிற தூரம்தான். பட்டினத்தார் சமாதி இன்னும் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும், ஊசியைக்கூட உடன் கொண்டுபோக முடியாது என்று யோசித்துக்கொண்டே திரும்பலாம். இவர் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, அதன் கீழ் இரண்டு பிளைவுட் பலகையை இணைத்து, ராயபுரம் ஸ்டேஷனைக் கட்ட ஆரம்பித்தார். 1856-ம் வருட ராயபுரம். ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்து, வாலாஜா ரோடு வரை ரயில் ஓடிய அந்த ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம்ம பேட்டையிலிருந்துதான் கிளம்பியது என்பதை அவர் சொல்லும்போது, டிக்கெட் கொடுத்தவரே அவர்தானோ என்று தோன்றும். தெர்மோகோலில் தூண்கள், தீக்குச்சியில் வேலி. தீப்பெட்டி ஆலை இருந்த விம்கோ நகர்க்காரர்கள் யாராவது மாடிக்கு வந்தால் அந்தத் தீக்குச்சி வேலியை விசேஷமாகக் காட்டுவார்.

ஸ்டேஷன் தயார். ரயில் வேண்டும். அந்தக் காலத்து இந்திய இன்ஜினை மாடலாகச் செய்து விற்கும் கம்பெனி ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. ஆகவே சுமாராக அதே சாயலில் இருக்கும் ஒரு பிரிட்டிஷ் நீராவி இன்ஜினை இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றிடம் முன்பதிவு செய்தார். பேர் வேண்டாம், பாவம். 2022-ல் பணம் கட்டினார். "2023 மூன்றாம் காலாண்டு" என்று பதில் வந்தது.

அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறாமைப்பட்டார்.

"நாங்க 'நாளைக்கு'ன்னு சொல்லிச் சொல்லி மாட்டிக்கிட்டோம்பா. மறுநாளே பார்ட்டி வந்து நின்னுடுவான். இவன் பாரு, காலாண்டுங்கறான். ஒரு பொய் சொன்னா தொண்ணூறு நாளைக்குத் தாங்குது!"

அதிலிருந்துதான் இந்தப் பெயர். மாதம் ஒரு மின்னஞ்சல் வரும்: தயாரிப்பு எதுவரை, கப்பல் எதுவரை. மற்றவர்கள் இதைப் படித்தால் எரிச்சல்படுவார்கள். இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கச்சேரிக்குப் போன பழைய வித்வான் மாதிரி ரசித்துப் படிப்பார். எந்தச் சாக்கு சுருதி சுத்தம், எது அபஸ்வரம் என்று அவருக்குத் தெரியும். "மோட்டார் சப்ளையர் மாறியதால் தாமதம்" — இதற்கு ஒரு தலையாட்டல், நல்ல சரக்கு, யாரும் சரிபார்க்க முடியாது. "தரத்தில் சமரசம் செய்யாமல் இருப்பதற்காக" என்று ஆரம்பித்தால் உதட்டைப் பிதுக்குவார். "கைவசம் வேற காரணம் இல்லன்னு அர்த்தம்."

சீனப் புத்தாண்டு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொறுக்காது. பிரிட்டிஷ் பொம்மை ரயிலெல்லாம் இப்போது பெரும்பாலும் பிரிட்டனில் செய்வதில்லை. மார்கேட் ஊரில் செய்துகொண்டிருந்த ஹார்ன்பியே 1990-களில் தயாரிப்பைச் சீனாவுக்கு அனுப்பிவிட்டது. அங்கே புத்தாண்டுக்கு ஆலை மூடினால் தொழிலாளிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆலை திறந்தபின் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், பெயின்ட் அடிக்கப் புது ஆளைப் பழக்க வேண்டும். இதெல்லாம் நியாயம்தான். "ஆனா நம்ம பொங்கல் மாதிரி அதுவும் வருஷா வருஷம் வருதில்ல? இவனுங்களுக்கு மட்டும் எப்படி ஒவ்வொரு வருஷமும் திடீர்னு வருது?" என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

சாக்குகளில் அவர் சிரசில் வைத்துக் கொண்டாடுவது ஒன்று உண்டு. அதற்கு வயது நூற்று எழுபது. கல்கத்தாவில் ஹவுராவிலிருந்து முதல் ரயில் விட எல்லாம் தயார். பெட்டிகளை ஏற்றிவந்த 'குட்வின்' கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்தில் மூழ்கிப்போனது. இன்ஜினை ஏற்றிவந்த கப்பலோ வழிதவறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. பம்பாயில் 1853 ஏப்ரலிலேயே ரயில் ஓடிவிட, கல்கத்தாக்காரர்கள் 1854 ஆகஸ்ட் வரை தண்டவாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்ஜின் ஆஸ்திரேலியா போயிடுச்சு சார்! இத ஒரு டாக் கிளார்க் பார்ட்டி மூஞ்சியப் பார்த்துச் சொல்லியிருப்பான் இல்ல? அவன் கால்ல விழணும்யா." இதைச் சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கும். நம்ம ராயபுரத்துக்கு வந்த சாமானுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் வெளியே கடலில் நிற்கும். அலையை எதிர்த்து மசூலா படகுகள் போய்ச் சாமானை இறக்கிக்கொண்டு வரும். "பாத்தியா? அன்னிக்கே கப்பல் வெளியதான் நின்னுச்சு" என்பார். தன் வாக்கியத்துக்குச் சரித்திர ஆதாரம் கிடைத்துவிட்ட திருப்தி.

வீட்டில் இந்தப் பாஷை பரவிவிட்டது. காலையில் "காப்பி?" என்று குரல் கொடுத்தால், வீட்டம்மா சமையலறையிலிருந்து "ப்ரொடக்‌ஷன்ல இருக்கு" என்பார். ஒரு நாள் நான் போயிருந்தபோது தோசை கேட்டார். "டூலிங் சரியில்லைங்க. ஃபர்ஸ்ட் சாம்பிள் கல்லுல ஒட்டிக்கிச்சு. ரெண்டாவது காலாண்டுல எதிர்பாருங்க" என்று பதில் வந்தது. மின்னஞ்சலைவிட இது நேர்மையாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். ரெண்டாவது தோசை நன்றாக இருந்தது.

2023 மூன்றாம் காலாண்டு போய், 2024 முதல் காலாண்டு ஆயிற்று. பிறகு "ஆண்டின் நடுப்பகுதி". இது இன்னும் உயர்ந்த உத்தி என்று அவர் விளக்கினார். காலாண்டுக்காவது ஓரம் உண்டு, நடுப்பகுதிக்கு ஓரமே கிடையாது. இந்தக் காலத்தில்தான் ஒருமுறை நான் வாயைக் கொடுத்தேன். "நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல வந்தே பாரத்தின் முதல் ரயிலையே பதினெட்டு மாசத்துல பண்ணிட்டாங்களே சார்? 2018-ல வந்ததால 'ட்ரெயின் 18'னு பேர்கூட வச்சாங்களே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது நிஜ ரயில்பா. அதுல ஜனங்க ஏறணும், அவசரம். இது எழுபத்தாறுல ஒரு பங்கு. ஒவ்வொண்ணும் எழுபத்தாறு மடங்கு கவனமா பண்ணணும்."

எழுபத்தாறில் ஒரு பங்கு என்ற இந்தக் கணக்கில்தான் அவருடைய ஒரே நிஜத் துக்கம் இருக்கிறது. நம் அகலப்பாதைத் தண்டவாளத்தின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர், ஐந்தரை அடி. எழுபத்தாறால் வகுத்தால் 22 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் பிரிட்டிஷ் மாடல் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர்தான். அவர்கள் ஊர் ரயிலுக்கே அது குறைச்சல். ஆக, தேரடி மொட்டை மாடியில் இருக்கிற ராயபுரம் லைன் நிஜக்கணக்கில் நாலடிச் சொச்சம். யாராவது ஸ்கேலோடு வந்து அளந்துவிடுவார்களோ என்று மனிதருக்கு உள்ளூர ஒரு பயம். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஜல்லியைத் தாராளமாகக் கொட்டி வைத்திருப்பதன் ரகசியம் அதுதான்.

கடைசியில் இன்ஜின் கப்பல் ஏறியது. அன்றிலிருந்து அவர் போனில் கப்பல்களைக் காட்டும் செயலி இரவு பகலாக ஓடியது. முன்பு வாங்கிய ஒரு பெட்டி வரிசைக்கும் இப்படித்தான் செய்தார். அப்போதெல்லாம் கப்பல் தென்சீனத்திலிருந்து கிளம்பி, மலாக்காவைத் தாண்டி, இலங்கையின் தேவேந்திரமுனைக்குக் கீழே போய், சூயஸ் வழியாக இங்கிலாந்து சேரும். அது இலங்கையைக் கடக்கிற ராத்திரி மாடியில் தெற்குப் பார்த்து நிற்பார். "இப்ப நம்ம தெக்கால போறா" என்பார், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு வழியே பஸ் போவது மாதிரி. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று சூயஸில் குறுக்கே மாட்டி ஆறு நாள் அடைத்துக்கொண்டபோது, உலகமே பதறியது. இவர் மட்டும் தெரிந்தவர் கல்யாணம் டி.வி.யில் வந்த மாதிரி உற்சாகமாக இருந்தார்.

இந்தத் தடவை அந்தச் சந்தோஷமும் இல்லை. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததிலிருந்து பெரிய கப்பல்கள் பலவும் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போயின. பத்துப் பதினைந்து நாள் கூடுதல். இன்ஜின் நம் பக்கம் தலைகூடக் காட்டாமல் எங்கோ மடகாஸ்கர் பக்கம் போய்விட்டது. இங்கிலாந்துக் கிடங்கில் இறங்கி, அங்கே வேலை பார்க்கும் அக்கா பையன் கையில் சேர்ந்து, அவன் பெட்டியில் விமானத்தில் வர வேண்டும். காசிமேட்டுக்குக் கிழக்கே ஒரு கடல். அந்தக் கடலின் அடுத்த கரைக்குப் பின்னால் இருக்கிற சாமான், பூமியை முக்கால் சுற்றுச் சுற்றி மீனம்பாக்கத்தில் இறங்குகிறது.

நேரே பார்சலில் வரவழைக்கலாமே என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "தொண்ணூத்தஞ்சு-சீரோ-மூணு." கஸ்டம்ஸ் அட்டவணையில் பொம்மை, மூன்று சக்கர சைக்கிள், புதிர் அட்டை, மாடல் ரயில் எல்லாம் ஒரே எண்ணில்தான் வருகின்றன. பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த வரி 2020-ல் 60 ஆனது. 2023-ல் 70. வரிகூடப் பரவாயில்லை என்றார். "பில் ஆஃப் என்ட்ரியில என் பேருக்கு நேரா 'டாய்ஸ்'னு அடிப்பானுங்க. அந்த ஹால்ல எனக்கு முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்யா." இதே திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் எம்.ஆர்.எஃப். ஆரம்பித்தது, பொம்மையில் என்ன கௌரவக் குறைச்சல் என்று நான் சமாதானம் சொன்னேன். எடுபடவில்லை. பலூனுக்கு டிரைவர் கேபின் கிடையாதாம்.

2025-ல் அக்கா பையன் வந்தான். "மாமா, இது உள்ள இருக்கறதுனாலதான் என் சாக்லேட்டெல்லாம் அங்கயே விட்டுட்டு வந்தேன்" என்று குற்றச்சாட்டோடு பெட்டியைக் கொடுத்தான். பிரித்தார். முன்னாலிருக்கும் பஃபர் ஒன்று கழன்று பஞ்சுக்குள் கிடந்தது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டினார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஓட்டம்.

அன்றைக்குக் கீழே ரோட்டில் வழக்கம்போல டிரெய்லர் வரிசை. துறைமுகத்து ஜீரோ கேட் திறந்தால்தான் நகரும், மதியத்திலிருந்து நகரவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த ஒரு லாரி டிரைவர், மேலே வெளிச்சத்தைப் பார்த்து மாடிப்படி ஏறி வந்துவிட்டார். இளைஞர், தோளில் துண்டு, கையில் காலி கேன். இன்ஜின் பச்சையும் கறுப்புமாக, தெர்மோகோல் ராயபுரத்தை விட்டுக் கிளம்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணிக்கொடிக்குக் கீழே புகுந்து வந்தது. டிரைவர் கேனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இது ஒண்ணாவது ஓடுதே சார்."

இரண்டு சுற்று ஆயிற்று. மூன்றாவது சுற்றில், ஸ்டேஷனுக்கு ஒரு முழம் முன்னால், அவர் ரெகுலேட்டரைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிளாட்பாரம் காலியாகத்தான் இருந்தது. கீழே எங்கோ ஒருவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தார்.

"இன்னா சார், நின்னுச்சு? ரிப்பேரா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் மாறவில்லை.

"பெர்த் கிடைக்கல தம்பி. வெளிய நிக்குது. நாளைக்கு வந்துடும்."