காளைக்கு ஐம்பது மதிப்பெண்

அமெரிக்கக் கல்லூரிகளில் நடக்கும் கௌபாய் விளையாட்டான ரோடியோவில் காளைச் சவாரிக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் ஐம்பது சவாரி செய்யும் பையனுக்கு, ஐம்பது காளைக்கு. முதுகில் உட்கார்ந்தவனைத் தூக்கியெறிய அது எவ்வளவு மூர்க்கமாகத் துள்ளியது, சுழன்றது என்பதற்கான மதிப்பெண் அது. எட்டு விநாடிக்குள் விழுந்தால் பையனுக்குப் பூஜ்யம். காளைக்கு அப்படியெல்லாம் கெடுபிடி இல்லை. அதன் தீவனம், கொட்டில், லாரிப் பயணம், வைத்தியம் அத்தனையும் கால்நடை ஒப்பந்தக்காரர் பொறுப்பு. கால்காசு கடன் இல்லாமல் கல்லூரிக்கு வந்து போகிறது.

பணி ஓய்வும் அதற்கு மரியாதையாகவே நடக்கிறது. போடேஷியஸ் என்றொரு காளை. 1995-ல் அது டஃப் ஹெடிமனின் முக எலும்புகளை நொறுக்கியது. டெக்சாஸின் சுல் ராஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரோடியோ பழகி உலகச் சாம்பியன் ஆனவர் ஹெடிமன். அதே ஆண்டு டிசம்பரில் இன்னொருவர் முகமும் போயிற்று. அதற்கு மேல் ஆபத்து என்று உரிமையாளர் காளைக்கு ஓய்வு கொடுத்தார். பண்ணையில் புல், விந்து விற்பனை வழியாக வாரிசுகள், 1999-ல் தொழில்முறை ரோடியோவின் புகழ் மண்டபத்தில் இடம். இத்தனை மரியாதையோடு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இனி பையனுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிக்கப் வண்டியின் பின்னால் குதிரை டிரெய்லரை மாட்டுகிறான். இரவெல்லாம் ஓட்டினால்தான் அடுத்த ஊர்ப் போட்டிக்குப் போய்ச் சேர முடியும். டீசல் அவன் காசு. கன்றுக்குக் கயிறு வீசுகிறவனாக இருந்தால் குதிரையும் அவனுடையது. அதன் லாடமும் தீவனமும் அப்பா தலையில். போட்டிக்குப் போட்டி நுழைவுக் கட்டணம் வேறு. அப்படித் திரண்ட கட்டணத்திலிருந்துதான் பெரும்பாலும் ஜெயித்தவனுக்குப் பரிசுப் பணம் போகிறது. நம் ஊரில் சீட்டுப் பிடிப்பவர்கூட தீபாவளிக்கு ஒரு இனிப்புப் பெட்டி தருவார்.

கூண்டுக்குள் இறங்கும் அந்த நிமிடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே முக்கால் டன் மாமிசம் உறுமிக்கொண்டிருக்கிறது. பையன் கையுறையில் பிசின் பொடியைத் தேய்த்து, காளையின் நெஞ்சைச் சுற்றிய கயிற்றை உள்ளங்கையில் இறுக்கிச் சுற்றிக்கொள்கிறான். சுற்று தளர்ந்தால் விழுவான். இறுகிச் சிக்கிக்கொண்டால் விழவும் முடியாது. காளையோடு சேர்ந்து தரதரவென்று இழுபடுவான். தலையை ஒருமுறை அசைக்கிறான், கதவு திறக்கிறது. திங்கட்கிழமை காலையில் அவனுக்குக் கணக்குப் பரீட்சை இருக்கலாம். போட்டியில் கலந்துகொள்ள முழுநேர மாணவனாக இருக்க வேண்டும், தேர்ச்சியும் குறையக் கூடாது என்பது கல்லூரி ரோடியோ சங்கத்தின் விதி. பரீட்சை எழுத கை இருக்கிறதா என்று எந்த விதியும் கேட்பதில்லை.

அடிபட்டால்? தொழில்முறை ரோடியோவில் 1980-லிருந்து காயத்துக்குக் கட்டுப்போட நடமாடும் மருத்துவக் குழு ஒன்று ஊர் ஊராகப் போகிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. அதற்குப் பெயர் கொடுத்துப் பணமும் கொடுப்பது ஜஸ்டின் என்ற பூட்ஸ் கம்பெனி. உலகத்திலேயே பணக்கார நாட்டில், எலும்பு முறிந்தவனுக்குச் செருப்புக் கடைக்காரர் இரங்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் கைம்மாறாகக் கல்லூரி நீட்டுவதுதான் ‘ரோடியோ உதவித்தொகை’. முழுச் செலவையும் ஏற்கிற இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றும் உண்டு. மற்றபடி யானைப் பசிக்குச் சோளப்பொரி: படிப்புக் கட்டணத்தில் ஒரு துண்டு தள்ளுபடி, அதிர்ஷ்டம் இருந்தால் குதிரைக்குக் கொட்டிலில் ஓர் இடம். மாணவர் கடன் 1.5 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்ட நாட்டில் அதையும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பல்கலைக்கழகங்களிடம் பணம் இல்லையாமா? பேஷாக இருக்கிறது. 2023-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது. இனி வராதே என்று சொல்வதற்கான கூலி 7.5 கோடி டாலருக்கு மேல். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக அணிகளுக்கு ‘கௌபாய்ஸ்’ என்று பெயர். அந்தக் கௌபாய்களுக்காக எண்ணெய்ச் சீமான் பூன் பிக்கன்ஸ் 16.5 கோடி டாலரை அள்ளிக் கொடுத்தார். பணம் பல்கலைக்கழகக் கணக்கில் கால் பதித்த கையோடு அவருடைய முதலீட்டு நிதிக்கே திரும்பிப் போனது. குதிரை ஏறத் தெரியாதவன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ‘கௌபாய்’ ஆனால் கோடிகள் கொட்டுகின்றன. மாட்டின் மேல் நிஜமாகவே ஏறுகிறவன் நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறை எண்ணுகிறான். கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ-யின் பட்டியலில் ரோடியோவே கிடையாது. அதனால்தான் 1949-லிருந்து இவர்களுக்குத் தனிச் சங்கம்.

மரியாதைக்குக் குறைவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெக்சாஸ் 1997-ல் ரோடியோவை மாநில விளையாட்டாக அறிவித்தது, வயோமிங் 2003-ல். வயோமிங்கில் ஓடுகிற கார்களின் நம்பர் பிளேட்டிலேயே துள்ளும் குதிரையும் சவாரிக்காரனும். உலகத்துக்கு இன்னும் கௌபாய்கள் தேவை என்று ஊருக்குச் சொல்ல, வயோமிங் பல்கலைக்கழகம் 2018-ல் சுமார் 5 லட்சம் டாலருக்கு விளம்பரம் செய்தது. தகரத்தில் அச்சான சவாரிக்காரனுக்கு டீசல் தேவைப்படாது. அவனை வைத்துக்கொள்வது சுலபம்.

கல்லூரிகளும் மாநிலங்களும் விட்டுவைத்த அந்த இடைவெளியில் ஒரு தர்மப் பிரபு வந்து உட்கார்ந்தார். யூ.எஸ். டொபாக்கோ. கோபன்ஹேகன், ஸ்கோல் என்ற பெயர்களில், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் ஈரப் புகையிலைத் தூளை விற்ற நிறுவனம். கிராமத்துப் பையன்கள், திடகாத்திரமான உடம்பு, பதினெட்டு, பத்தொன்பது வயது. அறுபது வயது வரைக்கும் டப்பா வாங்கக்கூடியவர்கள். இவர்களுக்குக் கல்வி உதவித்தொகை கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? விளம்பரத்துக்கு முகம், டல்லாஸ் கௌபாய்ஸ் கால்பந்து அணியின் ஆட்டக்காரரும் ரோடியோ வீரருமான வால்ட் கேரிசன். அவருடைய கால்பந்து வாழ்க்கையே 1975-ல் காளையை மடக்கப்போய் முட்டி உடைந்ததில் முடிந்தது. முட்டியை ரோடியோ எடுத்துக்கொண்டது, வாயைப் புகையிலை விளம்பரம் எடுத்துக்கொண்டது. பையன்களுக்கு அவர் கதாநாயகன்.

ரோடியோ மைதானங்களில் புகையிலைப் பதாகைகள் தொங்கின, மாணவர்களுக்குப் புகையிலைப் பணம் போயிற்று. புகையிலைப் பிராண்டுகளின் பெயரில் விளையாட்டுகளுக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2009 வரை வரவில்லை. அதற்கு முன்னால் யாருக்கும் விவரம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஓக்லஹோமாவில் ஷான் மார்ஸி என்று ஒரு பள்ளி ஓட்டக்காரன் இருந்தான். தடகளத்தில் 28 பதக்கங்கள் வாங்கியவன், பன்னிரண்டு வயதிலிருந்து வாயில் கோபன்ஹேகன் அடக்கியவன். அவனுக்கு நாக்கில் புற்று வந்தது. வெட்டினார்கள், மறுபடி வந்தது, மறுபடி வெட்டினார்கள். கெடுதல் என்றால் டப்பாவில் எச்சரிக்கை போட்டிருப்பார்களே என்று அம்மாவிடம் வாதாடியவன் அவன். அன்றைக்கு டப்பாவில் எச்சரிக்கை இல்லை. 1984-ல், 19 வயதில் இறந்தான்.

அம்மா ஒரு நர்ஸ். நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். டப்பாவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்ட அதே 1986-ல், ஓக்லஹோமா ஜூரி நிறுவனத்தின் மேல் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 1989-ல் மேல்முறையீடும் தள்ளுபடி. கல்லூரி ரோடியோவுக்கு அந்த நிறுவனம் கொடுத்த உதவித்தொகை மட்டும் தடைபடவில்லை. அடுத்த ஆண்டும் வந்தது, அதற்கடுத்த ஆண்டும் வந்தது. வாங்கியவர்களுக்கும் ஷானின் வயதுதான்.