லைப்ரரிப் பக்கம் போயிராத பேராண்டி

ஏலே பேராண்டி, லைப்ரரிப் பக்கம் மட்டும் போயிராத. ஆராய்ச்சி பண்ணுத பிள்ளைக்கு அங்க என்னல சோலி? தூசி மூக்குல ஏறும். கட்டில்ல படுத்துக்கிட்டே செல்போன்ல 'தாது வருசப் பஞ்சம்'னு தேடு. நாலஞ்சு வந்து விழும். அதுல ஒண்ண எடுத்து அங்கங்க வார்த்தைய மாத்திப்போடு, தீசிஸ் முடிஞ்சுது.

யூஜிசிக்காரன் 2018ல சட்டம் போட்டுட்டான், அடுத்தவன் எழுத்தோட 60 சதவீதத்துக்கு மேல ஒத்துப்போனா பதிவையே ரத்து பண்ணலாம்னு. பயப்படாத, 59ல நிப்பாட்டிக்கோ. ஒரு வருசம் வரைக்கும் சும்மா இருன்னுதான் சொல்லுவான். சும்மா இருக்க ஒனக்குச் சொல்லியா தரணும்?

காப்பியடிக்க நெட்டுல சோத்கங்கான்னு ஒரு களஞ்சியமும் இருக்கு, அதுல ஊர்ப்பட்ட தீசிஸ் கெடக்கு. நான் லைப்ரரியில அட்டெண்டரா இருந்தப்போ ஒருத்தன் வந்தான், ஒரு புஸ்தகத்துல 412ஆம் பக்கம் வேணும்னு. அந்தப் புஸ்தகமே முந்நூறு பக்கத்தத் தாண்டாது. அடுத்த மாசம் இன்னொருத்தன், அதே 412! மொத ஆளு கைதவறிப் போட்ட நம்பரு, தீசிஸ் தீசிஸா வம்சாவளி கண்டுட்டு வருது. நீயும் அந்த வம்சத்துல சேந்துக்கோ.

இல்ல தாத்தா, போயித்தான் தீருவேங்கியா? சரி, போ. கம்ப்யூட்டர்ல தாது வருசம்னு அடிச்சுட்டு, ஒண்ணுமில்லன்னு உதட்டப் பிதுக்கிட்டு வராத. வெள்ளைக்காரனுக்குத் தாதுவும் தெரியாது, ஈஸ்வரவும் தெரியாது. ஃபேமின், மெட்ராஸ், 1876ன்னு இங்கிலீசுல போடு. திருநெல்வேலிக்கு டின்னவெல்லின்னு பழைய எழுத்துல போடு. ஸ்டூவர்ட் 1879ல எழுதுன மாவட்ட மேனுவல் அப்பந்தான் எட்டிப் பாக்கும். புஸ்தக முதுகுல உள்ள நம்பரக் குறிச்சிக்கிட்டு அலமாரிக்குப் போ. எடுத்த ஒடனே ஓடியாந்துராத, அதுக்கு எடப்பக்கம் வலப்பக்கம் நிக்கதையும் பாரு. ஒரே விசயத்துக்காரங்கள வரிசையா நிறுத்தத்தாம்ல அந்த நம்பரே. அடிக்குறிப்ப மட்டும் தாண்டிப் போயிராத. கதையடிக்கவன் மேல எழுதுவான்; எங்க எடுத்தான்ங்கது கீழதான் இருக்கும்.

வழி தெரியலன்னா நூலகர்ட்ட கேளு. கேட்டா கௌரவம் கொறையும்னுதான தூணு மறைவுல நிப்ப? ரங்கநாதன் தெரியுமா, சீர்காழிக்காரரு? கணக்கு வாத்தியாரு. 1924ல மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்கு மொத நூலகராப் போனவரு, சலிப்புத் தாங்காம பழைய வேலைக்கே அனுப்புங்கன்னு கேட்டாராம். அவர லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வச்சாங்க. பெறகு 1931ல அஞ்சு விதி எழுதினாரு. அதுல நாலாவது, வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துங்கது. ஒம்மாதிரி ஆளுக்கு எதுக்கு மிச்சப்படுத்தணும்னு அவரு யோசிக்கல பாரு.

அரசாங்க ஆணையெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல. கைடுட்ட கடுதாசி வாங்கிட்டுப் போ, வெறுங்கையோட போயி நிக்காத. பஞ்சத்தப் பத்தி 1878லயே வில்லியம் டிக்பி எழுதிட்டான். அதுல ரெண்டு வால்யூம் உண்டுல. மெலிசா இருக்கதப் பாத்து எடுத்துட்டு வந்துராத!