மடக்குக் கணினி லட்சணம்: கலகெதர மிளகுக் கடையொன்றை முன்வைத்து ஒரு விசாரணை

யானைக்கும் குதிரைக்கும் மனையடிக்கும், பல்லி விழும் பலனுக்குங்கூட, நம் முன்னோர் லட்சண சாஸ்திரம் வகுத்து வைத்திருக்க, வியாபாரி ஒருவன் தன் கடைக்கு வாங்கத்தக்க இலேசான மடக்குக் கணினியின் குணதோஷங்களை நிர்ணயிப்பதற்கு மாத்திரம் தமிழில் ஒரு நூலும் இல்லாதிருப்பது எம்மை நெடுநாள் வருத்திவந்தது. அவ்வருத்தம் தீரும்பொருட்டு, கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிச் சென்றால் எதிர்ப்படும் கலகெதரவில், மிளகும் கராம்பும் சாதிக்காயும் பாக்கும் கொள்முதல் செய்கின்ற கடையொன்றைப் பரிசோதனைச் சாலையாகக் கொண்டு, அதன் முதலாளிக்குக் கொழும்பிலிருக்கும் மருமகன் கொணர்ந்து கொடுத்த, திரையைப் பின்புறமாக முழுவட்டம் மடித்துப் பலகையாக்கத்தக்க கணினியொன்றை ஆராயப் புகுந்தோம். இத்தகைய கருவிகளை விமான நிலையத்திலும் குளிரூட்டிய கோப்பிக் கடையிலும் வைத்துச் சோதிப்பதே மேனாட்டார் வழக்கம். அங்கெல்லாம் வியாபாரம் நடப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

சுமையைப் பற்றி விசாரிப்பதற்குக் கலகெதரவுக்கு ஒரு பாத்தியதையும் உண்டு. கண்டி அரசர் காலத்தில், பொதிமாடுகளைக் கொண்டு பாரம் ஏற்றியிறக்கும் பணிக்கென ‘மடிகே பத்த’ என்னும் தனித் திணைக்களமே இருந்தது; அதிலே பெரும்பான்மையும் சேவித்தோர் முஸ்லிம்கள். கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறியதும், மலைநாட்டுப் பாக்கு கரைக்கு இறங்கியதும் ‘தவளம்’ எனப்பட்ட அவர்தம் பொதிமாட்டு நிரைகளின் முதுகிலேயாகும். மடிகே என்ற பெயருடைய ஊர் இன்றும் கலகெதரவிலே இருக்கிறது. எந்தப் பிராணி எவ்வளவு சுமக்கும், எந்த ஏற்றத்திலே படுத்துவிடும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக நிதானித்தறிந்த சமூகத்தின் முன்னிலையில் ஒரு கருவியை ‘இலேசானது’ என்று சொல்லப் புகுவோன் சற்று எச்சரிக்கையாகவே வாயைத் திறத்தல் வேண்டும்.

இனி உற்பத்திக் கிரமம். 1972இல் அலன் கே என்னும் அமெரிக்க அறிஞர் சிறுவர்க்கென ‘டைனாபுக்’ என்னும் கைக்கணினியை மனத்தளவிலே கற்பித்து, அது 4 இறாத்தலுக்குள் அடங்குதல் வேண்டும் என்று விதித்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, தூக்கிச் செல்லத்தக்கது என்ற விருதோடு சந்தைக்கு வந்த ஒஸ்போர்ன் 1 என்பதோ 24 இறாத்தலுக்கு மேற்பட்ட எடையும் 5 அங்குலத் திரையும் உடையதாய், தூக்கியவனையே தூக்கிச் செல்லும் நிலைமையை உண்டாக்கிற்று. ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் கணினி பலகைக் கணினியே ஆகும் என்று 2001இல் பில் கேட்ஸ் ஆரூடம் கூறி, அடுத்த ஆண்டு நவம்பரில் அதற்குரிய விண்டோஸ் பதிப்பையும் நியூயோர்க்கிலே வெளியிட்டார்; ஆரூடம் பலிக்கவில்லை. அக்காலத்து மடக்குக் கணினிகள், நடுவிலிருந்த ஒற்றைக் கீலிலே திரையைச் சுழற்றிக் கவிழ்க்கும் இயல்பின. 2012இல் லெனோவோ நிறுவனத்தார் தம் படைப்புக்கு ‘யோகா’ என்று நாமகரணம் செய்து, முழுவட்டக் கீலினால் நான்கு ஆசனங்களை அதற்குப் பயிற்றினர். 2013இல் மைக்ரோசொப்டின் சர்பேஸ் புரோ, விசைப்பலகையைத் தன்னினின்றும் முற்றாகக் கழற்றிவிட்டுத் துறவு பூண்டது.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் எழுகின்றது. கழற்றத்தக்க கணினியிலே திரையும் விசைப்பலகையும் இருவேறு பொருள்கள். வேண்டும்போது கூடுவன, வேண்டாதபோது பிரிவன. ஆதலின் அதனைத் துவைத மதத்தார் கைக்கொள்ளலாம். விசைப்பலகையே மாயை, உள்ளது திரை ஒன்றே என்று கொண்டு வெறும் பலகைக் கணினியை வாங்குவோர் ஏகான்மவாதிகள். மடக்குக் கணினியோ ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பது. திரையைப் பின்னால் மடித்த மாத்திரத்தே, விசைகள் அங்கேயே இருப்பினும், அமுக்கினாலும் பலனளியாத சடமாகி அடங்கிவிடுகின்றன. நிமிர்த்தியவுடன் தம் தொழிலைத் தொடங்குகின்றன. இவ்வடக்கத்தைச் செய்விப்பது கோணமறியும் உணரி என்று பொறியியலார் சாதிப்பர். சைவ சித்தாந்திகள் வாங்கத்தக்கது இதுவே என்பது எம் அபிப்பிராயம்.

இனி, ஆகமம், பிரத்தியட்சம், அனுமானம் என்னும் அளவைகள் மூன்றனுள் ஆகமப் பிரமாணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கணினி விஷயத்திலே ஆகமமாவது, தயாரிப்பாளர் வெளியிடும் விளம்பரப் பத்திரம். அதிலே எடை கூறப்படும் முறை நுட்பமானது. முதற் சர்பேஸ் புரோவின் எடை ஏறத்தாழ 900 கிராம். அஃதாவது, இந்நாட்டிலே ஓர் இறாத்தல் பாணுக்கு விதிக்கப்பட்ட 450 கிராமைக் கொண்டு கணித்தால், சரியாக இரண்டு இறாத்தல் பாண். ஆனால் இந்த 900 கிராம் விசைப்பலகை நீங்கிய எடை. 899 டொலர் என்ற ஆரம்ப விலையும் விசைப்பலகை நீங்கிய விலையே. சார்ஜரைப் பற்றியோ எடைக் கணக்கில் எவரும் பேசுவதில்லை. எமது மடக்குக் கணினி இவ்விஷயத்தில் யோக்கியமானது. விசைப்பலகையை விட்டுப் பிரியாதாகையால் முழு எடையையும் ஒப்புக்கொள்கிறது. கடைத் தராசிலே இட்டபோது மூன்று இறாத்தல் பாணுக்குச் சற்றுக் குறைவாக நின்றது.

“பாரமே இல்ல நானா, பாருங்க” என்று யாம் பெருமையுடன் கூறியதே பிழையாயிற்று. கலகெதர வணிகர்க்கு இலேசு என்பது குணமன்று. மிளகின் தரத்தை அவர்கள் துணிவது, ஒரு லீற்றர் பாத்திரத்திலே தலைதட்டி நிரப்பி அதன் எடையை நோக்கும் பரீட்சையினால். 500 கிராமுக்கு மேல் நின்றால் நல்ல மிளகு. அதனின்றும் இறங்க இறங்க மணியினுள்ளே ஒன்றுமில்லை, பொக்கு, எண்ணெய் வடிப்போருக்குத்தான் ஆகும் என்று விலையும் இறங்கும். முதலாளி கணினியை வாங்கி, இரண்டு விரலால் அதன் முதுகைத் தட்டி, காதருகே கொண்டுபோய், “உள்ளுக்கு ஒண்டும் இல்லப் போல, மாஸ்டர்” என்றார். நாளெல்லாம் 50 கிலோ மூட்டைகளை ஏற்றுவித்தும் இறக்குவித்தும், தாம் மட்டும் காசு மேசையை விட்டு நகராமலும் இருக்கும் ஒருவருக்கு அரைக் கிலோ மிச்சமாவதனால் விளையும் பிரயோஜனம் யாது என்ற வினாவுக்கு எந்தப் பத்திரத்திலும் விடையில்லை. அன்றியும், பாரமானது இருந்த இடத்தில் இருக்கும். இலேசானது பிள்ளைகளின் பாடத்துக்கும் விளையாட்டுக்குமாக வீட்டுக்குப் போய்விடும். இது பிற்பாடு மெய்யாயிற்று.

அடுத்தது பிரத்தியட்சம். விரலிலுள்ள நுண்ணிய மின்னேற்பை உணர்ந்தே தொடுதிரை தொழிற்படுகிறது. ஆகவே விரலும் திரையும் ஒன்றையொன்று மெய்யாகத் தீண்டுதல் வேண்டும். மிளகு உதறிய கையிலோ சன்னமான கரும்பொடி படிந்திருக்கும். சாக்குத் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன நுனிவிரலைத் திரை சிலவேளை ஒரு விரலென்றே மதிப்பதில்லை. முதலாளி ‘7’ஐ மும்முறை அழுத்த அது சும்மா இருந்தது; வெற்றிலை நீர் பட்ட விரலைச் சட்டையில் துடையாமல் நான்காம் முறை அழுத்தியபோது, கேளாமலே இரண்டு ஏழுகளைப் போட்டுக்கொடுத்தது. வாசலில் மிளகு காயும் வெயிலிலே திரையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். அதிலே தெரிந்தது எம் முகமும் பின்னால் ஒரு பலாமரமுமே. திரையின் கீழுள்ள தகட்டிலிருந்து மின்காந்தத் தூண்டலாலே சக்தி பெற்று, தனக்கென மின்கலம் இல்லாமலே எழுதும் பேனாவொன்று சிலவகைக் கணினிகளோடு வருவதுண்டு. உண்மையிலே அற்புதமான கற்பனை அது. இக்கணினியின் பேனா அவ்வகையினதன்று. அதற்கு வேண்டிய சிறு மின்கலம் கலகெதரவிலே கிடைக்கவில்லை.

அனுமானப் பிரமாணம் சுருக்கமானது. மின்கலம் 10 மணி நேரம் நிற்கும் என்பது ஆகமம். 2022 மார்ச் இறுதியிலே இந்நாட்டில் மின்வெட்டு 13 மணி நேரம்வரை நீண்டது என்பது சரித்திரம். எஞ்சிய 3 மணி நேரத்துக்குக் கடைக் கணக்கெழுதும் சீஆர் கொப்பியே கதி என்பது அனுமானம். மெலிந்த உடல் பழுதுபார்ப்பவனுக்கு இடங்கொடாது என்பதும் அவ்வாறே: கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் இடும் ஐஃபிக்சிட் என்னும் அமெரிக்க நிலையத்தார் அந்த முதற் சர்பேஸ் புரோவுக்குப் பத்துக்கு ஒன்று போட்டனர். சீஆர் கொப்பியின் அட்டை கழன்றால் கோதுமை மாப் பசை போதும்.

இதுகாறும் கூறியவற்றால் மடக்குக் கணினி வியாபாரத்துக்கு ஆகாது என்று பூர்வபட்சத்தார் முடிவு கட்டக்கூடும். பொறுத்தல் வேண்டும். இக்கருவியின் உண்மையான வணிகப் பயன், அதனைச் செய்தவர்கள் சினிமாப் பார்ப்பதற்கென்று சொல்லிக் கடந்துபோகும் ஓர் ஆசனத்திலே மறைந்திருக்கிறது. திரையைப் பின்னால் மடித்துக் கூடாரம்போல் மேசைமீது நிறுத்தினால், எழுத்துகளும் தலைகீழாகாமல் தாமே திரும்பிக்கொள்ள, எதிரே நிற்பவருக்குக் கணக்கு முழுவதும் தெரியும். முதலாளிக்குத் தெரிவது உயிரடங்கிய விசைப்பலகை மாத்திரமே. கணக்கைக் காட்டுகின்ற வேளையிலே காட்டுகிறவனால் ஓர் எண்ணையும் தட்டி மாற்ற இயலாது. தராசு தோன்றிய காலந்தொட்டு எக்கடையிலும் இத்தகைய ஏற்பாடு இருந்ததில்லை. கொப்பி என்றும் முதலாளி பக்கமே பார்த்துக் கிடக்கும். அதனைத் தலைகீழாக வாசிக்கப் பழகிய விவசாயிகள் சிலர் உண்டென்றாலும், அவர்கள் வரும்போது கொப்பி மூடியிருக்கும்.

யாமும் அவ்வாறே கூடாரமாக நிறுத்தினோம். மலைச்சரிவிலிருந்து ஒரு மூட்டை மிளகோடு வந்திருந்த முதியவர், முதலாளி வழக்கமாகச் ‘சீயா’ என்று அழைப்பவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். மொத்த எடை, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, தூசுக் கழிவு, மிச்சம், கிலோவின் விலை. அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஈரக் கழிவிலே நின்றது. ஒரு வாரம் காய்ந்த மிளகிலே இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது என்று சிங்களத்திலே மெதுவாகக் கேட்டார். அவர் விரல் காய்த்த விரலாயினும், அப்போது திரை அதனை உடனே அறிந்துகொண்டு அந்த வரியைப் பெரிதாக்கிக் காட்டிற்று.

முதலாளி கழிவிலே ஒரு பாதியை விட்டுக்கொடுத்து, காசை எண்ணி நீட்டி, முதியவர் படியிறங்கும்வரை சிரித்த முகமாகவே இருந்தார். பிறகு எம் பக்கம் திரும்பினார். “எனக்கு வெளங்கினாப் போதும் மாஸ்டர். அவருக்கு எதுக்கு வெளங்க வெக்கணும்?”

ஆயினும் அவர் கணினியை மருமகனிடம் திருப்பியனுப்பவில்லை. ஒரு வாரம் அதனோடிருந்து, தயாரிப்பாளர் எவரும் எண்ணியிராத பிரயோக விதியொன்றைத் தாமே கண்டு ஸ்தாபித்தார். கொழும்பிலே மிளகு விலை இறங்கிய நாட்களில் கணினி கூடாரமாக, திரையிலே அன்றைய விலை பெரிய எழுத்தில் ஒளிர, தெருவைப் பார்த்து நிற்கும்; “நான் என்ன செய்ய? கொம்பியூட்டர்ல நீங்களே பாருங்க” என்பார். விலை ஏறிய நாட்களில் அது வெறும் மடிக்கணினியாகி, அவர் பக்கம் திரும்பிக்கொள்ளும். மிகவும் ஏறிய நாட்களில் பிள்ளைகளின் பாடத்துக்கு வீட்டுக்குப் போய்விடும்; மேசையிலே சீஆர் கொப்பி இருக்கும்.